லயத்துல தனியா நிற்க இடமில்ல, கோபம் வந்தா எங்க போறது?

பனிமூட்டம்

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல, பிள்ளைக் காம்பராவுக்கு (தாய்மார் வேலைக்குப் போற நேரம் பிள்ளைகளப் பார்த்துக்கிற எடம்) வர்ற பிள்ளைகளோட தாய் தகப்பன்மாருக்கு ஒரு கூட்டம் வைக்கணும். தலைப்பு கோபமும் மன அழுத்தமும். தேடிப் பார்த்தா வர்ற ஆலோசனையெல்லாம் "அமைதியான அறைக்குப் போங்க", "மெல்லிய இசை கேளுங்க"ன்னு இருக்கு. லயத்துல (வரிசை வீடுகள்) பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுல ஆறு பேர் இருக்கிற எடத்துல அமைதியான அறைக்கு எங்க போறது? பக்கத்துக் காம்பராவுல இருமினா இங்க கேக்கும்.

எனக்கு வேண்டியது இதுதான். கோபம் ஏறின அந்த நேரத்துல லயத்துக்குள்ளேயே செய்யக்கூடியது என்ன? அந்தியில வேலை விட்டு வந்து விளக்கு வைக்கிறதுக்குள்ளதான் முக்கால்வாசி சண்டை நடக்குது, அது ஏன்? கொழுந்து நிறுக்கிற தராசுக்கிட்ட வர்ற கோபத்த என்ன செய்றது? எந்தக் கட்டத்துல ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? சும்மா புத்திமதி வேணாம். அளவு, நேரம், எங்க பிசகும்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.


பீலிக்கரை

டீச்சர், உளவளத்துணை பக்கத்துல இருந்து சொல்றேன். "கோபப்படாதீங்க"ன்னு சொல்றது வயித்து வலிக்காரன்கிட்ட "வலிக்க விடாதீங்க"ன்னு சொல்ற மாதிரி. வர்றத நிறுத்த முடியாது. வந்த பிறகு இருக்கிற முதல் அரை மணித்தியாலம்தான் நம்ம கையில.

ஒரு சொல் சுருக்குன்னு தைச்சதும் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி அட்ரினலின விடும். நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், காது சூடேறும், விரல் தானா மடங்கும். யோசிச்சி நிதானிக்கிற முன்மூளை அந்த நேரம் பின்னுக்குப் போயிரும். அதனாலதான் கல்யாணத்துல சீர் குறைஞ்ச கதையெல்லாம் வாயில வருது, இன்னைக்கு என்ன பிரச்சினைன்னு மட்டும் ஞாபகத்துக்கு வராது. சண்டை ஓஞ்சாலும் உடம்பு அடங்க ஆகக்குறைஞ்சது 20 நிமிஷம் வேணும். நடுவுல இன்னொரு சொல் விழுந்திச்சின்னா மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். அதனால முதல்ல உடம்பு, பேச்சு அப்புறம்.

உடம்ப இறக்க நம்ம மலைநாட்டுல ஒரு வசதி இருக்கு, சில்லுன்னு இருக்கிற பச்சத் தண்ணி. பீலித் தண்ணிய (பொதுக் குழாய்ல வர்ற மலைத் தண்ணி) ஒரு பேசின்ல பிடிச்சி, மூச்ச அடக்கி, நெத்தி, கண், கன்னம் நனையிற மாதிரி 15 முதல் 20 செக்கன் முகத்த அதுக்குள்ள வைக்கணும். இல்லாட்டி நனைச்ச துண்ட கண்ணுக்கும் கன்னத்துக்கும் அழுத்திப் பிடிக்கணும். முகத்துல குளிர் படும்போது இதயத் துடிப்பு தன்னால மெதுவாகும். ரெண்டு, மூணு தடவை செய்யலாம். இருதய வருத்தம், மயக்கம் உள்ளவங்களுக்கு இது வேணாம், துண்டுகூட வேணாம். அவங்க மூச்சோட நிற்கட்டும்.

மூச்சு: மூக்கால 4 எண்ணி இழு, உதட்டக் குவிச்சி 6 எண்ணி விடு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, அஞ்சு நிமிஷம். விடுறது இழுக்கிறத விட நீளமா இருக்கணும், அதுதான் இதுல முக்கியம். கூட்டத்துல இப்பிடிச் சொல்லுங்க: ஊதாங்குழல்ல தணல ஊதுற ஊதல் இல்ல, சூட்டுத் தேத்தண்ணிய ஆத்துற ஊதல். உடனே பிடிச்சிக்குவாங்க.

இதுல பிசகுற எடம் ரெண்டு. ஒண்ணு, "நல்லா இழுங்க"ன்னு சொன்னா நெஞ்சு விரிய இழுத்து இழுத்து விடுவாங்க. ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சி தலை சுத்தும், விரல் நுனி மரத்துப் போகும், "ஐயோ, எனக்கு என்னமோ ஆவுது"ன்னு பயந்துருவாங்க. ஆழமா வேணாம், மெதுவா. 4, 6 கஷ்டம்னா 3, 5. முட்டு வருத்தக்காரங்க (ஆஸ்துமா உள்ளவங்க) மூச்ச அடக்கவே கூடாது. ரெண்டாவது, கோபம் வந்த அன்னைக்குத்தான் முதல் தடவையா செஞ்சி பார்ப்பாங்க, வராது. சும்மா இருக்கிற நேரத்துல ஒரு நாளைக்கு ரெண்டு வேளையா ரெண்டு கிழமை பழகியிருக்கணும். அதுக்குன்னு தனி நேரம் யாருக்கும் கிடைக்காது. காலையில கேத்தல் கொதிக்கிற வரைக்கும் ஒரு தடவை, பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிறது) முடிஞ்சி மலைக்கு நடக்கும்போது ஒரு தடவை, அவ்வளவுதான்.

இனி அந்த "எங்க போறது" கேள்வி. விலகிப் போறதுக்கு அறை வேணாம், ஒப்பந்தம்தான் வேணும். புருஷன் பொஞ்சாதி சமாதானமா இருக்கிற ஒரு நாள்ல மூணு விஷயத்த முடிவு பண்ணணும்: சைகை என்ன, எங்க போறது, எப்ப திரும்புறது. சைகைக்கு ஒரு வசனம் போதும், "எனக்கு சூடேறுது, அரை மணியில வர்றேன்." சொல்லாமக் கொள்ளாம எழும்பிப் போனா மத்தவருக்கு அது அவமரியாதை, பின்னாலேயே வந்து இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) வச்சி சண்டை தொடரும், முழு லயமும் பார்க்கும். எடம்: பீலிக்கரை, கோயில் திண்ணை, ரோட்டோரத்து மதகு. மழைன்னா இஸ்தோப்புலேயே வெளிப்பக்கம் முகத்தத் திருப்பி உட்காரலாம், ஆனா அந்த அரை மணிக்கு அங்க யாரும் வந்து கதைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கணும். இருட்டின பிறகு தேயிலைக்குள்ள நடக்கப் போகாதீங்க. கோபம் ஆறும், ஆனா சிறுத்தைக்கு நம்ம ஒப்பந்தம் தெரியாது.

அந்த அரை மணியில செய்யக்கூடாதது சாராயக் கடைக்குப் போறது, ஓட்டோ ஓட்டுறது, "திரும்பிப் போய் இன்னது கேக்கணும்"ன்னு மனசுக்குள்ள வசனம் எழுதுறது. கடைசிது ரொம்ப மோசம். கால் பீலிக்கரையில இருக்கும், மண்டை காம்பராவுலதான் சண்டை பிடிச்சிக்கிட்டு இருக்கும், உடம்பு இறங்காது. கையில வேலை இருக்கணும்: துணி அலசுறது, கீரை ஆயிறது, அரிசியில கல்லு பொறுக்குறது. சொன்ன நேரத்துக்குத் திரும்பியே ஆகணும். இன்னும் அடங்கலன்னா வாசல்ல நின்னு "இன்னும் அரை மணி"ன்னு சொல்லிட்டுப் போகலாம். திரும்பி வராம அப்படியே தூங்கிப் போறது அடிக்கடி நடந்தா அது விலகல் இல்ல, தப்பிச்சுக்கிறது. மத்தவர் அடுத்த தடவை போக விடமாட்டார்.


மட்டக்கம்பு

எல்லாம் சரிதான். ஆனா அடக்கி அடக்கி வச்சா வெடிக்காதா? சாக்குல மண்ண நிரப்பி நாலு குத்து குத்துறது, இல்லாட்டி விறகு பிளக்கிறது, அதுல இறங்கிரும்னு சொல்றாங்களே. ஆம்பளைங்களுக்கு அதுதான் சரிவரும்னு நினைக்கிறேன்.


பீலிக்கரை

ரொம்பப் பேர் நம்புறது இது அண்ணே. பிழை. 2024ல 154 ஆய்வுகள ஒண்ணாச் சேர்த்து ஒரு அலசல் வந்திச்சி. உடம்பச் சூடேத்துற வேலைகள் கோபத்தக் குறைக்கல. ஓடுறது கூட்டவே செஞ்சிச்சி. மூச்சு, தசை தளர்த்துறது, தியானம் மாதிரி உடம்ப இறக்குற வேலைகள்தான் குறைச்சிச்சி. காரணம் லேசு: ஏற்கனவே படபடக்கிற நெஞ்ச இன்னும் படபடக்க வச்சா மூளை அதையும் கோபக் கணக்குல எழுதிக்கும். குத்தும்போது எதிராளி முகத்த நினைச்சிக்கிட்டுத்தானே குத்துறோம்? அது ஒத்திகை.

நீங்க சொல்ற அந்த "அடக்குறது" வேற. பல்லக் கடிச்சிக்கிட்டு உள்ளே வேகுறது அடக்கல், உடம்புச் சூட்ட இறக்கிட்டுத் திரும்பி வந்து விஷயத்தப் பேசுறது ஆத்துறது. நாங்க சொல்றது ரெண்டாவத. உடற்பயிற்சி நல்லதுதான், கிழமைக்கு நாலு நாள் வொலிபோல் அடிக்கிறவனுக்கு மொத்த அழுத்தமே குறையும். கோபம் உச்சியில இருக்கிற அந்த நேரத்துக்குத்தான் அது மருந்தில்ல. இன்னொண்ணு, சண்டை நேரத்துல கோடாலியோ கவ்வாத்துக் கத்தியோ கையில இருக்கிறதே ஆபத்து. அதுகள இஸ்தோப்புல சாத்தி வைக்காம கூரைக்குக் கீழ ஒரு பலகை அடிச்சி மேல வைக்கச் சொல்லுங்க. புல்லுக்கு அடிக்கிற மருந்து வீட்டுல இருந்தா பெட்டிக்குள்ள பூட்டி, சாவிய வேற ஆள்கிட்ட குடுக்கணும். கோபத்தோட உச்சி கொஞ்ச நேரந்தான், அந்த நேரம் கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறதுதான் பல குடும்பங்கள்ல வித்தியாசம்.

கை நடுங்குறவங்களுக்குக் குத்துக்குப் பதிலா ஒரு பயிற்சி: ரெண்டு கையையும் முஷ்டி பிடிச்சி 5 செக்கன் இறுக்கி, டக்குன்னு விட்டு 15 செக்கன் தொங்கவிடு. அப்புறம் தோள காது வரைக்கும் தூக்கி அதே மாதிரி. அப்புறம் தாடை, வயிறு, பாதம். இறுக்குறது முழுப் பலத்தோட வேணாம், முக்கால் பலம் போதும், இல்லாட்டி சதை பிடிச்சிக்கும். கூடை தூக்கித் தோள் கட்டியா இருக்கிற பொம்பளைங்களுக்கு இது நல்லா வேலை செய்யும்.


கிளினிக் கொப்பி

தாதியர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அந்தி நேரத்துச் சண்டையைப் பற்றி டீச்சர் கேட்டது முக்கியமான கேள்வி, ஆனால் பதில் மனதில் மட்டும் இல்லை. அந்த நேரத்து உடம்பைப் பாருங்கள்.

காலை நாலரைக்கு எழும்புகிறார். பகல் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, பெரும்பாலும் ரொட்டியும் சம்பலும். ஐந்தரைக்கு வீட்டுக்கு வரும்போது ஐந்து மணித்தியாலம் வயிறு காலி, கால் ஈரம், முதுகில் நாள் முழுவதும் பாரம். இடையில் போனது சீனி போட்ட சாயத் தண்ணி மட்டும். வாசலில் காலை வைத்ததும் பிள்ளை கொப்பி வாங்கக் காசு கேட்கிறது, மாமியார் அடுப்பு எரியவில்லை என்கிறார், கணவர் "சாப்பாடு எப்ப?" என்கிறார். யாராக இருந்தாலும் வெடிக்கத்தான் செய்வார்.

ஆகவே வீட்டுக்கு ஒரு சட்டம்: வேலை விட்டு வந்தவரிடம் முதல் 15 நிமிடம் கேள்வி இல்லை, காசுப் பேச்சு இல்லை. ஈரக் காலைத் துடைத்து, காய்ந்த காலுறையோ துணியோ போட்டு, ஏதாவது ஒன்று வாயில் போட வேண்டும். அவித்த கடலை ஒரு கைப்பிடி, மரவள்ளித் துண்டு, மிஞ்சிய ரொட்டி, எதுவானாலும் சரி. பிஸ்கட்டும் சீனித் தேநீரும் மட்டும் என்றால் ஒரு மணித்தியாலத்தில் மறுபடி பசிக்கும். கணவர் முன்னதாக வீட்டில் இருந்தால் அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது ஆண்கள் பக்கம் சிரிப்பு வரும். வரட்டும். மனைவியின் கோபம் குறைய வேண்டுமென்றால் குடத்தைத் தூக்குவதுதான் முதல் சிகிச்சை, மூச்சுப் பயிற்சி அடுத்தது.

தேநீர். தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணித்தியாலம் ஆகும். மாலை 6 மணிக்குக் கடுஞ்சாயம் இரண்டு கோப்பை குடித்தால், இரவு 11க்கும் ஒரு கோப்பை அளவு உள்ளே இருக்கிறது. நித்திரை குறைந்தவருக்கு மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாகப் படும். 4 மணிக்குப் பிறகு சாயத்தை வெளிறலாக்குங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணித்தியால இடைவெளி வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது மாத்திரையை வீணாக்குவது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள்.

இது ஏன் கோபத்தோடு சம்பந்தப்பட்டது? இரத்தச்சோகை உள்ளவருக்குக் களைப்பு, படபடப்பு, எரிச்சல் எல்லாம் வரும். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ் என்றால் அது இரத்தச்சோகை. "அவளுக்கு வாய் நீளம்" என்று ஊர் சொல்லும் பெண்ணுக்கு முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தைரொயிட் கூடினாலும் அப்படித்தான். நுவரெலியாக் குளிரிலும் வியர்க்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறார், கையை நீட்டினால் விரல் நடுங்குகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்றால் அது குணம் அல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு வரும் தொடர் எரிச்சலையும் அழுகையையும் "பச்சை உடம்பு" என்று தள்ளிவிட வேண்டாம், குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

குடியைப் பற்றி இரண்டு கணக்கு. 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயத்தில், 33 வீதம் என்றால், ஏறக்குறைய 47 கிராம் மதுசாரம். ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு 8 மணிக்குக் குடித்தது நள்ளிரவு தாண்டியும் உடம்பில் ஓடுகிறது. முதலில் தூக்கம் வரும், பின்னிரவில் கலையும். "மனப்பாரம் குறையக் குடிக்கிறேன்" என்பவருக்கு மறுநாள் எரிச்சல் கூடுவது இதனால்தான். கசிப்புக்கு (கள்ளச் சாராயம்) இந்தக் கணக்கும் பொருந்தாது, அதில் எவ்வளவு, என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவரை, கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் நடுக்கம், வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாததைக் காண்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் நடக்கலாம். உயிருக்கு ஆபத்து. அப்படியானவர் வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

எப்போது அனுப்புவது என்று கேட்டீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாளும் எரிச்சல், நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடில்லை என்றால் மனநலக் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆண்கள் பலருக்கு மனச்சோர்வு அழுகையாக அல்ல, கோபமாக வெளிவரலாம். ஐம்பது தாண்டியவரின் குணம் திடீரென மாறினாலும், தலையில் அடிபட்ட பிறகு மாறினாலும் தாமதிக்க வேண்டாம். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, தனியே விடாமல். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்கும். 1333க்கும் இலவசமாகக் கதைக்கலாம். ஆள் ஏற்கனவே ஏதாவது விழுங்கிவிட்டார் என்றால் 1990 அம்புலன்ஸ். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், போத்தலையும் கூடவே எடுத்துப் போங்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சியின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.


தராசுமுள்

மத்தவங்க உள்ள இருக்கிற சூட்டப் பத்திச் சொல்லிட்டாங்க, நான் வெளிய இருந்து மூட்டுற நெருப்பப் பத்திச் சொல்றேன். தராசுக்கிட்ட வர்ற கோபத்துல பாதிக்கு நியாயம் இருக்கு. அதுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொன்னா, "அப்ப நாங்க வாய மூடிக்கிட்டு இருக்கணுமா?"ன்னு உங்க கூட்டத்துல யாராவது எழும்பிக் கேப்பாங்க. கேக்கணும்.

உதாரணம் ஒண்ணு. தோட்டத்துல ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்துன்னு வச்சிக்குவோம். ரெண்டு நிறுவையும் சேர்த்து தராசு 20 காட்டுது. சாக்குக்கும் தண்ணிக்கும்னு 3 கிலோ கழிச்சா 17. ஒரு கிலோவுல முழுப் பேர் அரைப் பேராகுது, அரை நாள் சம்பளம் போகுது. அந்த எடத்துல ரத்தம் கொதிக்காட்டித்தான் அதிசயம். ஆனா வரிசையில அம்பது பேர் பார்த்துக்கிட்டு நிற்கும்போது "நீங்க எப்பவும் களவுதான்"ன்னு கத்தினா என்ன நடக்கும்? கணக்கப்பிள்ளைக்கு மானப் பிரச்சினையாயிரும், கழிச்ச கிலோ பேச்சே மறைஞ்சி, நீங்க ஏசினதுதான் வழக்கா மாறும். துரைக்கிட்ட (தோட்ட மேலாளர்) போற முறைப்பாடு உங்க மேலதான்.

வேலை செய்ற முறை இது. தராசு முள்ள உங்க கண்ணால பார்த்து, எண்ண அங்கேயே உங்க துண்டுலயோ சின்னக் கொப்பியிலயோ எழுதுங்க: திகதி, பகல் நிறுவை, அந்தி நிறுவை, கழிச்சது, போட்டது. தராசுக்கிட்ட ஒரே ஒரு வசனந்தான், குரல் உயராம: "பகல் நிறுவையில 11 காட்டிச்சி, 9 போட்டிருக்கீங்க. எதுக்கு 2 கழிச்சீங்கன்னு சொல்லுங்க." நடந்தது, எண், கேள்வி. அதுல "எப்பவும்", "எல்லாரும்", "உங்க புத்தி" இருக்கக் கூடாது. பதில் சரியில்லன்னா அங்க இழுக்காம நகருங்க. அந்திக்கு அரை மணி ஆறிட்டு, தொழிற்சங்கத்தோட தோட்டத் தலைவரையும் அதே மாதிரி கழிபட்ட இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு கொப்பியோட போங்க. ஒருத்தரோட ஒரு நாள் கோபத்த யாரும் கணக்கெடுக்க மாட்டாங்க, மூணு பேரோட பத்து நாள் கணக்க ஒதுக்க முடியாது. சம்பளத் துண்டு வந்ததும் கொப்பியோட ஒத்துப் பாருங்க, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்க பங்கு 8 வீதம் கழிஞ்சிருக்கும், தோட்டத்தோட பங்கு 12 வீதம். துண்ட அடுப்புல போடாம ஒரு கம்பியில குத்தி வைங்க.

கடன் கோபமும் இதே வகைதான். நுண்கடன் கிழமைத் தவணை, கடைக் கணக்கு, அடகு வச்ச தோடு, எல்லாம் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தா பிள்ளை பென்சில் கேட்டாலும் அடி விழும். ஒரு தாள்ல நாலு பத்தி: யாருக்கு, எவ்வளவு, எப்ப, பிந்தினா என்ன ஆகும். கடைசிப் பத்திதான் முக்கியம். பிந்தினா நகை ஏலம் போற கடன் முதல்ல, முறைச்சிப் பார்க்கிறதோட நிற்கிற கடன் பிறகு. சம்பளம் எடுத்த அன்னைக்கு இரவே காசப் பத்திப் பேசாதீங்க, அன்னைக்குக் காசு கையில இருக்கிற சூடு ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம். மறுநாள் காலையில, தாள நடுவுல வச்சி, 20 நிமிஷம். நேரம் முடிஞ்சா மடிச்சி வச்சிட்டு, மிச்சம் அடுத்த நாளைக்கு. கணவர் கொழும்புல இருந்தா போன்ல காசுக் கதைக்கும் ஒரு நாள், ஒரு மணி குறிச்சிக்குங்க. ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்து "அனுப்பிட்டீங்களா"ன்னு ஆரம்பிக்கிற கோல் நல்லா முடியாது.


பனிமூட்டம்

ரொம்ப உதவி. ரெண்டு விஷயம் பாக்கி. எழுதத் தெரியாத ஆச்சிமாரும் தாய்மாரும் இருக்காங்க, கோபம் எப்ப வருதுன்னு குறிச்சி வைக்கச் சொல்லலாமா? இன்னொண்ணு, அடிக்கிற புருஷனோட இருக்கிறவங்களும் கூட்டத்துக்கு வருவாங்க. அவங்க முன்னால இந்த விலகிப் போற ஒப்பந்தத்தச் சொல்றது சரியா?


பீலிக்கரை

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். அவங்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது, அத கூட்டத்துலேயே வெளிப்படையாச் சொல்லிருங்க. துரைக்கு முன்னால, பொலிசுக்கு முன்னால கை கட்டி நிற்கிறவர், வீட்டுக்கு வந்து பொஞ்சாதிய மட்டும் அடிக்கிறார்னா அவருக்குக் கோபத்தக் கட்டுப்படுத்தத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. நல்லாத் தெரியும், ஆள் பார்த்துத்தான் விடுறார். அதுக்குப் பேர் வன்முறை, அதுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்ல. "நீ வாயக் குறைச்சா அவன் அடிக்கமாட்டான்"ங்கிற புத்திமதி உங்க கூட்டத்துல யார் வாயில இருந்தும் வராமப் பார்த்துக்குங்க.

2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல நீதவான் நீதிமன்றத்துல பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், 12 மாசம் வரைக்கும் குடுப்பாங்க. காயம் இருந்தாலும் இல்லாட்டியும் அரச ஆஸ்பத்திரிகள் பலதுல "நட்பு நிலையம்" இருக்கு, அங்க தனியாக் கதைக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938 இருக்கு. இலக்கத்தத் தாள்ல அச்சடிச்சிக் குடுக்காதீங்க, புருஷன் கையில அகப்பட்டா அதுக்கும் அடி விழும். பொம்பளைங்க கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க. அடையாள அட்டை, பிள்ளைகளோட பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பஸ் காசு, இதுகள ஒரு பைல போட்டு நம்பிக்கையான ஒரு வீட்டுல வைக்கச் சொல்லுங்க.

முதல் கேள்வி. எழுத்து தேவையே இல்ல. கடைக்காரர் குடுத்த கலண்டர் எல்லா வீட்டுலயும் தொங்கும். அந்தந்த நாள் கட்டத்துக்குள்ள கரித்துண்டாலயோ பேனையாலயோ ஒரு புள்ளி: காலைன்னா மேல, பகல்னா நடுவுல, அந்தின்னா கீழ, ராத்திரின்னா கட்டத்து மூலையில. குரல் உயர்ந்தா ஒரு புள்ளி, கை ஓங்கினா ரெண்டு. 14 நாள் போதும். புள்ளி எல்லாம் ஒரே எடத்துல அடைஞ்சி நிற்கிறத அவங்களே பார்ப்பாங்க. கீழேயே நிறையுதுன்னா கிளினிக் கொப்பி அக்கா சொன்ன 15 நிமிஷச் சட்டம், மூலையிலன்னா குடி, நித்திரை. குறிக்கிறது தன்னோட கோபத்த மட்டுந்தான். புருஷன் புள்ளிய பொஞ்சாதி வைக்க ஆரம்பிச்சா கலண்டர் கிழியும்.

பிள்ளைங்க விஷயம் நீங்க கேக்கல, ஆனா பிள்ளைக் காம்பராக் கூட்டம்ங்கிறதால ஒண்ணு. கை ஓங்கிச்சின்னா ரெண்டு அடி பின்னுக்கு வச்சி, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கணும். கை மறைஞ்சிருக்கும்போது பிள்ளைக்கும் பயம் குறையும். அப்புறம் ஒரே ஒரு கட்டளை, செய்ய வேண்டியத: "செருப்பக் கழட்டி வெளிய வை." செய்யக்கூடாதத அடுக்கினா மூணு வயசுப் பிள்ளைக்கு எதுவும் விளங்காது.


தராசுமுள்

கூட்டத்துக்கு நாள் பார்க்கும்போது ஞாயிற்றுக்கிழமைய விட்டுருங்க டீச்சர், அன்னைக்கு டவுனுக்குச் சாமான் வாங்கப் போவாங்க, துணி துவைப்பாங்க. போயா (பௌர்ணமி) நாள் காலை பத்து மணி பரவாயில்ல, சாராயக் கடையும் பூட்டு. முதல் நாளே வாங்கி வைக்கிறவங்க இருப்பாங்கதான், ஆனா பத்து மணிக்குத் தெளிவா இருப்பாங்க. ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் முதல் 20 நிமிஷம் தனித்தனியா வச்சிட்டு பிறகு ஒண்ணாச் சேருங்க. பேசின் நாலும் துண்டும் கொண்டு போங்க. வாயால சொல்றத விட ஒருத்தர் முகத்த பச்சத் தண்ணிக்குள்ள வச்சி எடுத்ததும் மத்தவங்க வரிசைக்கு வருவாங்க. நாடியில விரல் வச்சி, முன்னுக்கும் பின்னுக்கும் 30 செக்கன் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க.


கிளினிக் கொப்பி

நாடி பார்க்கும்போது பெருவிரலை வைக்க விடாதீர்கள், அதன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக. 30 செக்கனில் எண்ணியதை இரண்டால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100க்கு மேல் இருப்பவரையும், துடிப்பு தாறுமாறாக விட்டு விட்டு வருபவரையும் பேசினுக்கு அனுப்பாமல், பெயரைக் குறித்து கிளினிக்குக்கு அனுப்புங்கள்.